கணக்கை மூடப் போன கதை

கலியாண எழுத்து, அதாவது பதிவு, முடிந்து உருத்திரபுரத்திலிருந்து விசுவமடுவுக்கு வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு நாள் காலை முற்றத்தில் செத்தல் மிளகாயைக் காயப்போட்டுவிட்டு வந்து போனை எடுத்தேன். நான் பல வருடங்களாக இருந்த சமூக வலைத்தளம், நான் கேட்காமலே எனக்கு ஒரு சின்னப் படம் செய்து வைத்திருந்தது. "உங்கள் இனிய நினைவுகள்" என்று தலைப்பு. முதலில் என் முதல் கணவர், நெல்லு வெட்டுற மெசினின் மேல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் படம் மெல்ல மங்க, அதே இடத்தில் நானும் இப்போதைய கணவரும் மாலையோடு வந்து நின்றோம். பின்னால் ஏதோ இசை. மேலேயிருந்து சிவப்பு இதயங்கள் மழைபோல் விழுந்துகொண்டிருந்தன. இந்த இரண்டு படங்களுக்கும் நடுவில் ஒரு செத்தவீடு இருந்தது என்று அதைச் செய்த யந்திரத்துக்குத் தெரியாது.

அன்றைக்குத்தான் அந்த இடத்தை விட்டுப் போய்விடுவது என்று முடிவெடுத்தேன்.

என்னை அதற்குள் கொண்டுபோய் விட்டவரே முதல் கணவர்தான். அறுவடைக் காலத்தில் அவர் மெசினோடு ஊர் ஊராகப் போய்விடுவார். நான் வீட்டில் தனியே. "உமக்கும் ஒண்டு திறந்து தாறன், பொழுது போகும்" என்று சொல்லி, தன்னுடைய போன் இலக்கத்தைப் போட்டு எனக்கு ஒரு கணக்குத் திறந்து தந்தார். கடவுச்சொல்லையும் அவரே போட்டார். போன் அதை நினைவில் வைத்திருந்ததால் நான் அதைக் கேட்டு வைக்கவேயில்லை. பிறகு நான் வறுத்து அரைக்கும் கறித்தூளைப் படம் எடுத்து அதில் போடச் சொன்னதும் அவர்தான். கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களிடமிருந்தும் தூளுக்கு ஓடர் வரத் தொடங்கியது.

பரந்தனுக்குக் கிட்ட, பெரிய வீதியில், மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தபோது ஒரு லொறி அடித்து அவர் போய்விட்டார். அவருடைய போனும் அந்த இடத்திலேயே நொறுங்கிப்போனது. அதற்குள் இருந்த படங்களும் அதோடு சரி. அந்த வருடம் முழுவதும் எனக்குச் சோறு போட்டது அந்தக் கறித்தூள் பக்கம்தான். துக்கம் விசாரித்து எழுதினார்கள். தூள் வாங்கினார்கள். எழுந்து மில்லுக்குப் போக எனக்கு ஒரு காரணம் இருந்தது. அதை நான் மறக்கவில்லை. அந்த இடத்தைக் கெட்ட இடம் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

இப்போதைய கணவர் விசுவமடுவில் தோட்டத்தில் கச்சான் கடலையும் மிளகாயும் செய்கிறவர். என் தூளுக்கு மிளகாய் தந்துகொண்டிருந்தவர். அவருடைய மனைவி இறந்து கனகாலம். மிளகாய் விலையைப் பற்றிக் கதைத்துக் கதைத்து, கடைசியில் வேறு கதைக்கு வந்து சேர்ந்தோம். எனக்கும் பிள்ளைகள் இல்லை, அவருக்கும் இல்லை. எழுத்தை வைத்துவிட்டு, கோயிலில் ஒரு மாலை மாற்றினோம். அவ்வளவுதான் கலியாணம்.

உறவுக்காரப் பெண் ஒருத்தி நாங்கள் மாலையோடு நின்ற படத்தை என் பெயரோடு சேர்த்துப் போட்டுவிட்டாள். நல்ல எண்ணத்தில்தான் போட்டாள். அதற்குக் கீழே, செத்தவீட்டுக்கு வராதவர்கள் எல்லாரும் வந்து நின்றார்கள். "போன கிழமை செத்தவர் மாதிரிக் கிடக்கு, அதுக்குள்ளயோ" என்று ஒருவர். "தூள் வித்த இடத்திலயே ஆளையும் பிடிச்சிட்டா" என்று இன்னொருவர். சிலரைத் தடுத்தேன். அவர்களின் தம்பிமாரும் மச்சான்மாரும் வந்தார்கள். அதையும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். ஆட்கள் கதைப்பார்கள், பிறகு களைத்துப்போவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த இதய மழை வேறு. அதில் எந்த மனிதருடைய கோபமும் இல்லை, பொறாமையும் இல்லை. கோபிக்கக்கூட ஒரு முகம் அங்கே இருக்கவில்லை.

கணவரிடம் சொன்னேன். அவர் தோட்டத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"நான் உந்தக் கணக்கை மூடப் போறன்."

"மூடுமன். அதுக்கென்ன?"

"தூள் ஓடர் எல்லாம் அதுக்குள்ளதானே வருது."

"உம்மட தூள் நல்லதெண்டா ஆக்கள் தேடி வருவினம். இல்லாட்டி நானே திண்டு முடிக்கிறன்" என்று சொல்லிவிட்டுத் துவாயை எடுத்தார்.

அடுத்த நாள் மதியம் சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்தேன். போகும் வழியைக் கண்டுபிடிக்கவே எனக்கு நெடுநேரம் பிடித்தது. உள்ளே வருவதற்கு முதற் பக்கத்திலேயே பெரிய நீலப் பொத்தான் இருக்கிறது. வெளியே போவதற்கு ஒரு பட்டியலைத் திறந்து, அதற்குள் இன்னொன்றைத் திறந்து, கணக்கு, உரிமை, கட்டுப்பாடு என்று ஒன்றுக்கும் விளங்காத தலைப்புகளுக்குள் நுழைந்து போகவேண்டியிருந்தது. கடைசியில் வந்த பக்கம், ஏன் போகிறீர்கள் என்று கேட்டது. நேரம் வீணாகிறது, பாதுகாப்பாக உணரவில்லை, வேறொரு கணக்கு இருக்கிறது என்று சில காரணங்களை அதுவே எழுதி வைத்திருந்தது. அவற்றில் ஒன்றும் என்னுடையது இல்லை. காரணம் சொல்லாமல் அடுத்த பக்கம் வரவும் இல்லை. கைக்குக் கிடைத்த ஒன்றை அழுத்தினேன்.

அப்போது ஐந்தாறு முகங்கள் வரிசையாக வந்தன. "இவர்கள் உங்களைத் தேடுவார்கள்" என்று மேலே எழுதியிருந்தது. மூன்றாவது முகம் என் முதல் கணவர்.

போனைக் கதிரையில் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய் முற்றத்தில் நின்றேன். மிளகாயைக் காலால் கிளறிவிட்டேன். எனக்கு அழுகை வரவில்லை. வந்தது ஒரு விதமான வெட்கம். பிடிபட்ட மாதிரி. நான் என்ன களவா செய்தேன் என்று பிறகு யோசித்தபோதுதான் கோபம் வந்தது. திரும்பி வந்து அடுத்ததை அழுத்தினேன்.

கடவுச்சொல் கேட்டது. எனக்குத் தெரியாது. மறந்துவிட்டேன் என்று அழுத்தினால், உங்கள் இலக்கத்துக்கு ஒரு குறியீடு அனுப்பியிருக்கிறோம் என்றது. அந்த இலக்கம் இறந்துபோன மனிதருடையது. அவருக்குப் பிறகு நான் அதற்குக் காசு போடவில்லை. அது செத்துப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் எடுத்துப் பார்த்தேன். மணி அடித்தது. மணி அடித்த அந்தக் கொஞ்ச நேரத்தில் என் மனம் எங்கெல்லாமோ போய் வந்ததை இங்கே எழுதப் போவதில்லை.

"ஹலோ, ஆர் கதைக்கிறது?" ஒரு பெண்ணின் குரல்.

"அக்கா, நான் விசுவமடுவில இருந்து எடுக்கிறன். இந்த நம்பர் முந்தி என்ர மனுசன்ர."

"மெசின்காரரோ?"

ஓம் என்றேன். அவரே தொடர்ந்தார். தான் வவுனியாவில் இருப்பதாகவும், இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பதாகவும், புதுச் சிம் வாங்கிய நாளிலிருந்து மெசின் கேட்டு ஆட்கள் எடுப்பதாகவும் சொன்னார்.

"பிழையான நம்பர் எண்டு சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போச்சு தங்கச்சி. பிறகு நானே, அவர் இப்ப மெசின் ஓடுறேல்ல எண்டு சொல்லத் தொடங்கீட்டன். அவர் எங்க இப்ப?"

"அவர் மோசம் போயிட்டார் அக்கா."

"யா அல்லாஹ்! எனக்குத் தெரியாதம்மா. நான் ஆக்களுக்கு ஏதோ பிழையாச் சொல்லிப்போட்டன்."

"பிழையில்லை அக்கா. அவர் இப்ப மெசின் ஓடுறேல்லத்தானே."

சொன்ன பிறகு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

குறியீட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் உடனே உசாரானார்.

"இப்பிடிக் கேட்டு எடுக்கிற ஆக்களுக்குச் சொல்லவே கூடாதெண்டு மகள் சொல்லி வச்சிருக்கிறா. நீங்கதான் அவர்ர மனுசி எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"உங்களுக்கு எடுத்த ஆக்கள் உருத்திரபுரம், பரந்தன் பக்கமாத்தான் இருக்கும். அறுவடை நேரம்தான் எடுத்திருப்பினம். எடுத்த உடன, 'அண்ணை, எங்கட வயலுக்கு எப்ப இறக்கப்போறியள்' எண்டு கேட்டிருப்பினம்."

"ஓம், ஓம்" என்றார். "அதேதான் கேக்கிறவை." பிறகு கேட்டார்: "ஏன் தங்கச்சி மூடுறீங்க?"

"நான் திரும்பக் கலியாணம் செய்திட்டன் அக்கா. ஆக்கள் ஒரு மாதிரிக் கதைக்கினம்."

"அது உங்கட சீவியம். நில்லுங்க, கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாறன்."

அவர் ஒவ்வொரு இலக்கமாக வாசித்தார். நான் எழுதினேன். கதவு திறந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இவ்வளவு காலமும் என் கணக்கைத் திறக்கும் திறப்பு வவுனியாவில் முன்பின் தெரியாத ஒருவர் இடியப்பம் அவிக்கும் குசினியில் இருந்திருக்கிறது. அவர் நல்லவராய் இருந்தது என் அதிர்ஷ்டம். அந்தத் தளத்தைப் பொறுத்தவரை அந்த இலக்கம்தான் நான். நான் நானாக இருப்பது அதற்குப் போதவில்லை.

மூடுவதற்கு முன் என் ஆட்களுக்குச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். இந்த இடத்தை விட்டுப் போகிறேன், தூள் வேண்டியவர்கள் இந்த இலக்கத்துக்கு எடுங்கள் என்று எழுதிப் போட்டேன். வழக்கமாக ஒரு தூள் பாக்கெட்டின் படத்தைப் போட்டாலே எத்தனையோ பேர் பார்ப்பார்கள். இதை மிகச் சிலருக்குத்தான் அது காட்டியது. வாடிக்கையாளர்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவர்கள் என்னுடையவர்கள் இல்லை. அவர்கள் அந்த இடத்தின் ஆட்கள். நான் அங்கே இருக்கும்வரை அவர்களை எனக்குக் காட்டும். போகிறேன் என்றால் காட்டாது.

உருத்திரபுரத்து வீட்டை விட்டு வந்த நாள் நினைவுக்கு வந்தது. லான்ட்மாஸ்டர் உழவு மெசினின் பெட்டியில் சாமான்களை ஏற்றும்போது பக்கத்து வீட்டுக்காரர் வந்து அம்மியைத் தூக்கிவிட்டார். சந்திக் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் தூள் கேட்டு வருகிறவர்களை விசுவமடுவுக்கு அனுப்பிக்கொண்டேயிருந்தார். ஏன் போகிறாய் என்று கேட்டவர்களும் இருந்தார்கள்தான். ஆனால் காரணம் சொல்லும்வரை படலை வாசலை ஒருவரும் மறிக்கவில்லை. எங்கள் பகுதி ஆட்களுக்கு இடம் விட்டுப் போவது பழக்கப்பட்ட விடயம். நான் சிறுமியாய் இருந்த காலத்திலும், பிறகு வளர்ந்த காலத்திலும் சண்டையால் விருப்பமில்லாமல், எதை எடுப்பது எதை விடுவது என்று யோசிக்க நேரமில்லாமல் போயிருக்கிறோம். அதனால்தானோ என்னவோ, என் சொந்த விருப்பத்தில், ஆறுதலாக, என்னுடையதை எடுத்துக்கொண்டு போவது எனக்குப் பெரிய விடயமாகப் பட்டது. அதைத்தான் அந்த இடம் எனக்குத் தர மறுத்தது.

நான் போட்ட அறிவித்தலைக் கண்ட சிலரில் ஒருத்தி முதல் கணவரின் தங்கை. கனடாவில் இருப்பவள். உடனே எடுத்தாள்.

"அண்ணி, நீங்கள் மூடப்போறீங்களோ? அண்ணா அதுக்குள்ளதானே இருக்கிறார்."

"அவர் அதுக்குள்ள இல்லையம்மா. அவற்ற கணக்குத்தான் இருக்கு."

"எனக்கு ரெண்டும் ஒண்டுதான்."

அவருடைய கணக்கு இன்னும் அப்படியே இருந்தது. அதை அவர் இலக்கத்தில் இல்லாமல் மின்னஞ்சலில் திறந்திருந்தார், அதன் கடவுச்சொல் ஒருவருக்கும் தெரியாது. அவர் இறந்ததை அறியாதவர்கள் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் வந்து, நீடூழி வாழ்க என்று எழுதிவிட்டுப் போவார்கள். எனக்கு அதைப் பார்க்க ஏலாது. அவளோ அந்த வாழ்த்துகளை ஒவ்வொன்றாக இருந்து வாசிப்பாளாம்.

"நான் கலியாணம் செய்தது உனக்குக் கோவமோ?" என்று கேட்டேன். அதுவரை நான் அவளிடம் அதைக் கேட்டதில்லை.

"ஐயோ, இல்லை அண்ணி. நீங்கள் தனிய இருக்கேக்கதான் எனக்கு நித்திரை வாறேல்ல. இது வேற. அண்ணான்ர படங்களுக்குக் கீழ நீங்கள் அவரோட பகிடி விட்டு எழுதினதெல்லாம் கிடக்கு. நீங்கள் போனா அதெல்லாம் அழிஞ்சுபோமாம். அவர் மட்டும் தனியக் கதைச்சுக்கொண்டு நிக்கிற மாதிரி இருக்கும்."

இதை நான் யோசித்திருக்கவில்லை. அவள் சொன்னது உண்மைதான். போகிற என்னோடு சேர்ந்து, இருக்க விரும்பும் அவளுடைய பொருளும் போகிறது. அதைப் பிரித்தெடுக்க எங்கள் இருவருக்குமே வழி இல்லை. கடைசியில், அவள் அந்தப் பக்கங்களை எல்லாம் படமாக எடுத்து வைத்துக்கொள்வது என்றும், அவள் எடுத்து முடிக்கும்வரை நான் பொறுப்பது என்றும் பேசிக்கொண்டோம். ஒரு கிழமைக்கு மேல் எடுத்தாள். வேலை முடிந்து வந்து, எடுத்து, எனக்கும் ஒவ்வொன்றாக அனுப்பினாள். பழைய பகிடிகளை மீண்டும் வாசித்தேன். பல எனக்கே மறந்துபோயிருந்தன.

என் படங்களை எடுத்துத் தரும்படி தளத்திடமும் கேட்டேன். ஒரு பெரிய கோப்பு வந்தது. என் போனில் அது திறக்கவில்லை. கணவர் என்னைச் சந்தியில் கணினி வைத்திருக்கும் கொமினிகேசன் கடைக்கு ஏற்றிக்கொண்டு போனார். கடைக்காரப் பெண் அதைத் திறந்து தந்தாள். நான் போட்ட படங்கள் எல்லாம் இருந்தன. ஆனால் முக்கியமான ஒன்று இல்லை. மெசினுக்கு மேலிருந்து முதல் கணவர், "இஞ்ச பாருங்கோ, மனுசி தூள் விக்கிறா, நான் தூசு விக்கிறன்" என்று சத்தமாகச் சொல்லிச் சிரிக்கும் காணொளி. அவருடைய குரல் இருப்பது அதில் மட்டும்தான். அதை எடுத்தவர் அவரோடு வேலை செய்த நண்பர். பிறகு பிரான்சுக்குப் போய்விட்டார். அவர் போட்டதால் அது அவருடையது. என் கோப்பில் வராது. அவருக்கு எழுதினேன். பதில் வரவில்லை.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது கணவர் தன் போனை எடுத்தார்.

"உம்மட போனில அதைப் போடும். நான் இதில பிடிக்கிறன்."

"நீங்கள் பாக்கப் போறீங்களோ?"

"பாத்தா என்ன? நல்ல மனுசன் எண்டு எல்லாரும் சொல்லுகினம். எனக்கும் பாக்க விருப்பம்."

மாமரத்தின் கீழ் கதிரையில் என் போனைச் சாய்த்து வைத்தேன். அவர் குனிந்து நின்று, கை நடுங்காமல் இருக்க முழங்கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு, முழுவதையும் பிடித்தார். பகிடி வந்த இடத்தில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இப்போது என்னிடம் இருக்கும் காணொளியில் முதல் கணவரின் குரலுக்குப் பின்னால் எங்கள் கோழிகளின் சத்தமும், இரண்டாம் கணவரின் சிரிப்பும் கேட்கும்.

இதற்குப் பிறகுதான் உண்மையாக மூடினேன். அதுவும் முதல் தடவை சரிவரவில்லை. மூடும்படி கேட்டாலும் சில கிழமைகள் வைத்திருந்துதான் அழிப்பார்களாம். அந்த இடைவெளியில் ஒரு நாள் போனில், உங்கள் பக்கத்துக்கு ஒரு ஓடர் வந்திருக்கிறது என்று ஒரு வரி வந்தது. யோசிக்காமல் தொட்டுவிட்டேன். "மீண்டும் வந்ததில் மகிழ்ச்சி" என்றது. நான் கேட்டது எல்லாம் ரத்தாகிவிட்டது. ஓடரும் இல்லை. யாரோ பழைய படமொன்றுக்கு விருப்பம் போட்டிருந்தார், அவ்வளவுதான். அன்றைக்கு நான் போனைப் பார்த்துத் திட்டிய சொற்களைக் கேட்டுக் கணவர் தோட்டத்திலிருந்து ஓடி வந்தார்.

பரந்தனில் பஸ் ஏறி விசுவமடுவுக்கு வரும்போது, இறங்கவேண்டிய இடத்தில் "இறக்கம்!" என்று ஒரு சொல் சொன்னால் போதும். சாரதி முகத்தைச் சுளித்தாலும் நிறுத்துவார். என் பையை என் கையில் எடுத்துத் தருவார்கள். ஏன் இறங்குகிறாய், உள்ளே இருப்பவர்கள் உன்னைத் தேடுவார்களே என்று நடத்துனர் கேட்பதில்லை. இறங்கிய பிறகு பின்னால் வந்து கையைப் பிடித்து இழுப்பதும் இல்லை. நான் கேட்டது அவ்வளவுதான். ஒரு இடம் நல்லதா கெட்டதா என்பது வேறு கதை. நல்ல இடமாகவே இருக்கட்டும். நினைத்த நேரத்தில், என் பொருளோடு, போகிற இடத்தைச் சொல்லிவிட்டுப் போக முடியாவிட்டால், நான் அங்கே விரும்பித்தான் இருக்கிறேனா என்று எனக்கே தெரியாமல் போய்விடுகிறது.

இரண்டாம் முறை மூடியபோது அந்தச் செயலியைப் போனிலிருந்தே எடுத்துவிட்டேன். காத்திருந்தேன். ஒரு நாள் கனடாவிலிருந்து அவள் எடுத்து, "அண்ணி, தேடிப்பாத்தன், நீங்கள் இல்லை" என்றாள். பிறகு, தனக்கு அனுப்பத் தூள் இருக்கிறதா என்று கேட்டாள்.

தூள் வியாபாரம் குறைந்தது. பொய் சொல்லக்கூடாது. கொழும்பு ஆட்களில் பலர் காணாமல் போனார்கள். என்னை எங்கே தேடுவதென்று அவர்களுக்குத் தெரியாது, எனக்கும் அவர்களைத் தெரியாது. சிலர் ஆளுக்கு ஆள் கேட்டு இலக்கத்தைக் கண்டுபிடித்து எடுத்தார்கள். புதுக்குடியிருப்பில் இரண்டு கடைகள் இப்போது என் தூளை வாங்கி விற்கின்றன. அங்கே பாக்கெட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது ஆட்கள் முகத்தைப் பார்த்துக் கேட்கிறார்கள், காரம் கூடிப்போச்சு என்று முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

கணவர் இன்னும் அந்தத் தளத்தில்தான் இருக்கிறார். கச்சான் விலையையும் மழையையும் பார்ப்பார். சுவையான ஏதும் இருந்தால் எனக்கு வாசித்துக் காட்டுவார். போன மாதம் ஒரு நாள் பின்னேரம், நான் தூள் அரித்துக்கொண்டிருந்தபோது கேட்டார்:

"திரும்பப் போற எண்ணம் ஏதும் இருக்கோ?"

அரிதட்டை நிறுத்தாமல் யோசித்துப் பார்த்தேன். அவர் அங்கே இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. அந்த இடத்தின்மேல்கூட இப்போது அவ்வளவு கோபமில்லை.

"தேவைப்பட்டாப் போவன்" என்றேன். "ஆனா முதல், வெளிய வாற வழி எங்க இருக்கெண்டு பாத்துப்போட்டுத்தான்."

"அப்ப நீர் போகமாட்டீர்" என்று சொல்லிவிட்டு அவர் மழைச் செய்தியை வாசிக்கத் தொடங்கினார்.